பதினேழுக்குப் பதில் சொன்னவள்

திங்கட்கிழமைகளில் அவளுடைய முதல் சொல் உடைந்துதான் வெளியே வரும். வெள்ளிக்கிழமை மாலை ஆய்வகத்தின் வாசல் காவலாளியிடம் "வரேன்" என்று சொல்லிவிட்டுப் போனால், திங்கள் காலை அதே காவலாளியிடம் "வணக்கம்" என்று சொல்லும்வரை அவள் தொண்டைக்கு வேலை இருக்காது. கடையில்கூடப் பொருளை எடுத்து மேசையில் வைத்தால் போதும், இயந்திரம் விலை காட்டிவிடும். பக்கத்து வீட்டுக்காரர்கள் படிக்கட்டில் எதிர்ப்பட்டால் தலையசைப்பார்கள், இவளும் அசைப்பாள். பிறகு திங்கள் வரும். ரொம்ப நாள் திறக்காத தாழ்ப்பாள் மாதிரி அந்த "வணக்கம்" இழுபட்டு வரும்.

"என்னக்கா, ஜலதோஷமா?" என்பார் காவலாளி.

"ஆமா" என்பாள். வருஷம் முழுக்க மூக்கடைத்துக் கிடக்கும் பெண் என்று அந்த மனிதர் நினைத்திருக்க வேண்டும்.

ஆய்வகத்தில் எல்லோரும் அவளைக் காதக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். காதுதான் அவளுடைய உத்தியோகம். மாடியில் முப்பத்துமூன்று மார்மோசெட் குரங்குகள் இருந்தன. அணில் பருமன், வெள்ளைக் குஞ்சம் வைத்த காது, கவலைப்பட்ட கிழவன் மாதிரி முகம். கூட்டமாக வாழும் இந்தப் பிராணிகள் ஓயாமல் பேசிக்கொள்பவை. கண்ணுக்குத் தெரியாத தூரத்தில் இருக்கும் கூட்டாளியை நீளமாக ஒரு சீழ்க்கை அடித்துக் கூப்பிடும். கூட்டாளி உடனே பாய்ந்து பதில் சொல்லாது. சற்றுப் பொறுத்து, ஐந்து நொடி போலக் காத்து, பிறகு திருப்பிக் கூப்பிடும். முதலில் கூப்பிட்ட குரங்கும் அப்படியே காக்கும். மனிதர்களிலேயே பாதிப் பேருக்கு வராத நாகரிகம் இது. அந்தக் கூப்பிடலின்போதும் காத்திருக்கும்போதும் அவற்றின் தலைக்குள் என்ன நடக்கிறது என்பதுதான் அந்த ஆய்வகத்தின் கேள்வி. ஒலிப்பதிவுகளைக் கேட்டு, எந்தக் குரங்கு, எந்த நொடியில் ஆரம்பித்து எந்த நொடியில் முடித்தது, பதில் வந்ததா என்று குறிப்பது அவள் வேலை. கணினியும் குறிக்கும். ஆனால் கணினி பத்தில் இரண்டைத் தவறவிடும். அவள் பதினொரு வருஷத்தில் கண்ணை மூடிக்கொண்டு முப்பத்துமூன்றையும் பிரித்துச் சொல்லிவிடுவாள்.

"காதக்கா, என் வயித்துல காத வச்சுப் பாருங்க. மதியம் சாப்பிட்டது என்னன்னு சொல்லுதா?" என்பார் பழக்கார மாமா. குரங்குகளுக்குப் பழம் நறுக்கிப் போட்டுக் கூண்டு கழுவுபவர். வாயாடி.

"பசிக்குதுன்னு சொல்லுது மாமா. குரங்குக்கு வச்சத எடுத்துத் தின்னா அப்படித்தான்."

"பாத்தீங்களா, இவங்ககிட்ட ரகசியமே வச்சுக்க முடியாது."

இந்தப் பேச்சு ஒரு நாளில் மூன்று நிமிஷம் இருக்கும். மாமா மாடிக்குப் போய்விடுவார். மாடிக்கு அவளுக்கு அனுமதி கிடையாது. மனிதர்களின் சளி குரங்குகளுக்கு ஆகாதென்று, கவனிப்பவர்களைத் தவிர வேறு யாரையும் விடமாட்டார்கள். அவள் பதினொரு வருஷமாகக் குரலாலேயே அறிந்த குரங்குகளில் பாதியை நேரில் பார்த்ததில்லை.

பதினேழைப் பார்த்திருக்கிறாள். பதினேழாம் எண் கிழட்டுப் பெண் குரங்கு. அதன் ஜோடி ஒன்பதாம் எண். போன வருஷம் செத்துப்போனது. தனியாகிவிட்ட பதினேழை, சின்ன டாக்டர் தன் சோதனைக்குக் கேட்டு வாங்கினார். முப்பத்தைந்து வயசு இருக்கும் அவருக்கு. மூன்று வருஷ ஒப்பந்தத்தில் வந்தவர். ஆய்வகத் தலைவி பெரிய டாக்டர் என்பதால் இவர் சின்ன டாக்டர் ஆனார். பதினேழின் மண்டையில், குரலை ஆளும் முன்மூளைப் பகுதியில், தலைமுடியைவிட மெல்லிய கம்பிகள் இறக்கியிருந்தார்கள். கம்பியின் நுனிக்குப் பக்கத்தில் இருக்கும் மூளைச் செல் துடித்தால், குரங்கின் தலைமேல் பொத்தான் போல உட்கார்ந்திருக்கும் கருவி அதை அனுப்பிவிடும். வலிக்காது என்றார் சின்ன டாக்டர். "மூளைக்கு வலி தெரியாதுக்கா." அவள் தலையாட்டினாள்.

தரைத்தளத்தில் சத்தம் புகாத அறை ஒன்று. சுவரெல்லாம் கறுப்புப் பஞ்சு. நடுவில் கூண்டு, ஒரு மைக், திரைக்குப் பின்னால் ஒரு ஒலிபெருக்கி. பக்கத்து அறையில் சின்னக் கண்ணாடி வழியாகப் பார்த்தபடி அவள் உட்காருவாள். தினமும் காலையில் ஒரு மணி நேரம். ஒரு நாள், பதினேழு கூப்பிட்டால் ஐந்து நொடி கழித்து ஒலிபெருக்கியில் ஒன்பதின் குரல் வரும்; உயிரோடு இருந்தபோது பதிந்தது. மறுநாள், அறிமுகமில்லாத ஒரு குரங்கின் குரல். மூன்றாம் நாள் எதுவும் வராது. அதை மௌன நாள் என்று அட்டவணையில் எழுதியிருந்தார்கள்.

ஒன்பதின் குரலில் நல்ல பதிவு மூன்றுதான் கிடைத்திருந்தது. அந்த மூன்றையே மாற்றி மாற்றிப் போட்டார்கள். முதல் வாரம் பதினேழு கூண்டுக் கம்பியைப் பிடித்துத் தொங்கிக்கொண்டு பதிலுக்குப் பதில் கூப்பிட்டது. இரண்டாம் வாரம் அந்தக் குரல் வந்தபோது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. என்ன கேட்டாலும் ஒரே மூன்று பதிலைச் சொல்லும் புருஷனோடு எத்தனை நாள் பேச முடியும்?

மௌன நாட்களில்தான் அது அதிகம் கூப்பிட்டது. நீளமாக ஒரு சீழ்க்கை. பிறகு தலையைச் சாய்த்து, ஐந்து நொடி, பத்து நொடி, அரை நிமிஷம். மறுபடி சீழ்க்கை. மூன்றாவது மௌன நாளன்று, அதன் பதினைந்தாவது கூப்பிடலுக்குப் பிறகு, அவள் மேசையில் இருந்த மைக் பொத்தானை அழுத்தினாள். சோதனை தொடங்குமுன் குரங்கைச் சமாதானப்படுத்த மாமா உள்ளே பேசுவதற்கான மைக் அது. சோதனை நடக்கும்போது தொடக்கூடாது. அவள் உதட்டைக் குவித்து விசிலடித்தாள்.

அது குரங்கின் சீழ்க்கை இல்லை. பதினேழின் குரல் எட்டும் உயரத்தில் பாதியைக்கூட மனித விசில் எட்டாது. உச்சாணிக் கொம்பில் இருக்கும் குருவிக்குப் பாதாளத்திலிருந்து பதில் சொன்ன மாதிரி இருந்தது. ஆனால் பதினேழு திரும்பியது. கண்ணாடியைப் பார்த்தது. கூப்பிட்டது.

அதன் பிறகு ஒவ்வொரு மௌன நாளும் அவள் பதில் சொன்னாள்.

யாருக்கும் தெரியாது என்று அவளுக்குத் தெரியும். காற்றோட்ட விசிறியின் இரைச்சலும் மனிதப் பேச்சும் கலக்காமல் இருக்க, ஆய்வகத்தின் கணினி தாழ்ந்த ஒலிகளையெல்லாம் வெட்டிவிட்டுத்தான் திரையில் காட்டும். குரங்குகளின் குரல் மேலே மெல்லிய கோடுகளாக ஓடும், கீழே கறுப்பு. அவளுடைய விசில் அந்தக் கறுப்புக்குள் விழுந்துவிடும். வெட்டாத பதிவைக் காதில் மாட்டிக் கேட்பது அந்தக் கட்டடத்திலேயே ஒரே ஆள். அந்த ஆள் அவள்தான். தாளில் அவள் "பதில் இல்லை" என்று குறித்தாள். எந்தக் குரங்கும் பதில் சொல்லவில்லை என்பது உண்மைதானே என்று தனக்குத் தானே வாதாடியும் கொண்டாள்.

அது ஒரு திங்கட்கிழமை. இரண்டு மணிக்குச் சின்ன டாக்டர் அவள் அறைக்குள் கதவைத் தட்டாமல் நுழைந்தார். கையில் மடிக்கணினி, முகத்தில் தூங்காதவனின் வெளிச்சம்.

"அக்கா, உக்காருங்க."

"உக்காந்துதான் இருக்கேன்."

"ஆமால்ல. சரி, இதப் பாருங்க. இருபத்திரண்டாம் கம்பி. இது ஒன்பதோட குரல் போட்ட நாள். செல்லு சும்மா கெடக்கு. இது அறிமுகமில்லாத குரல். அப்பவும் சும்மா கெடக்கு. இது மௌன நாள்." திரையில் வெறும் தரையிலிருந்து ஒரு கோபுரம் எழுந்து நின்றது. "கூப்பிட்டு முடிச்சு அஞ்சு நொடி. ஒரு சத்தமும் இல்ல. அந்த எடத்துல செல்லு பொரிஞ்சு தள்ளுது! பதில் வந்தா துடிக்கல, வராதப்ப துடிக்குது. அப்படின்னா என்ன?"

அவளுக்குக் காது அடைத்த மாதிரி இருந்தது. "என்ன?"

"வர வேண்டிய பதில மூளை தானே போட்டுக்குதுக்கா. இந்த நேரத்துக்கு ஒரு குரல் வரணும்னு அது எடம் ஒதுக்கி வச்சுக்கிட்டு உக்காந்திருக்கு. காத்திருக்கறதுக்குன்னே ஒரு செல்லு! இத யாரும் காட்டினதில்ல." உட்கார்ந்தார், எழுந்தார். "வெள்ளிக்கிழமை பெரிய டாக்டர்கிட்ட காட்டறேன். அவங்க சரின்னா அடுத்த வாரம் கட்டுரை அனுப்பிடலாம். என் ஒப்பந்தம் முடிய ரெண்டு மாசம்தான் இருக்கு. வீட்ல அவ கேட்டுக்கிட்டே இருக்கா, பாப்பாவ இந்த ஊர்ப் பள்ளிக்கூடத்துல சேக்கலாமா வேணாமான்னு. இன்னிக்குப் போயி சேத்துடுன்னு சொல்லப் போறேன்."

"நல்லது" என்றாள்.

"என்ன நல்லது? உங்க பேரும் கட்டுரைல வருதுக்கா. நீங்க குறிக்கலேன்னா இது ஏது?"

அவர் போன பிறகு அவள் வெகுநேரம் ஹெட்போனைக் காதில் மாட்டிக்கொண்டு எதையும் ஓடவிடாமல் உட்கார்ந்திருந்தாள். காத்திருப்பதற்கான செல் என்று எதுவும் இல்லாமல் இருக்கலாம். அவளுக்குப் பதில் சொல்லும் செல் ஒன்று மட்டும் இருக்கலாம். சொன்னால் அந்த மனிதரின் மூன்று வருஷம் போகும், தன் வேலை போகும், காலை ஒரு மணி நேரப் பேச்சும் போகும். இந்த மூன்றில் கடைசியைத்தான் தன் மனம் முதலில் எடுத்துப் பார்த்தது என்பதைக் கவனித்தபோது அவளுக்கே வெட்கமாக இருந்தது.

புதன்கிழமை சாயங்காலம் அவளுடைய அக்கா போனில் வருவாள். பதினெட்டு வருஷம் இரண்டு பேரும் ஒரே வீட்டில் இருந்தவர்கள். பேரன் பிறந்ததும் அக்கா மகன் வீட்டோடு போய்விட்டாள். போன் திரையில் அக்காவின் நெற்றியும் பின்னால் ஓடும் குழந்தையும் தெரிந்தன.

"சாப்பிட்டியாடி?"

"இன்னும்..."

"டேய், அத வாயில வைக்காதடா! இவன ஒரு நிமிஷம் விட முடியல. ஒனக்கு ஒடம்பு எப்படி இருக்கு? எளச்சுட்டியே."

"அக்கா, ஆபீஸ்ல ஒரு தப்பு பண்ணிட்டேன்."

"தப்பு பண்ணாத மனுஷங்க யாரு? மன்னிப்புக் கேட்டுட்டு வேலையப் பாரு. உங்க மேலதிகாரி நல்ல மாதிரிதான? இரு, இவன் அத்தைக்கு... சித்திக்கு... டேய், உன் பாட்டியோட தங்கச்சி உனக்கு யாருடா? சின்னப் பாட்டி! சின்னப் பாட்டிக்கு டாட்டா சொல்லு."

குழந்தை டாட்டா சொன்னது. அக்கா அடுத்த வாரம் கூப்பிடுவதாகச் சொன்னாள். அக்காவிடம் குறையில்லை. ஆசையாகத்தான் பேசுவாள். கேட்டுவிட்டு ஐந்து நொடி பொறுக்க மட்டும் அவளுக்கு அந்த வீட்டில் நேரம் கிடைப்பதில்லை.

குற்றமுள்ள நெஞ்சு குறுகுறுக்கும் என்பார்கள். இவளுடையது கணக்குப் போட்டது. ஒருவேளை தன் விசிலுக்கும் அந்தச் செல்லுக்கும் சம்பந்தமே இல்லையென்றால்? தான் பதில் சொல்லாவிட்டாலும் அது துடிக்குமென்றால்? அப்போது சின்ன டாக்டர் சொன்னது சரி. யாரிடமும் எதையும் சொல்ல வேண்டியதில்லை. மறுநாள் வியாழன் அட்டவணைப்படி மௌன நாள், முப்பத்தாறாவது. பார்த்துவிடலாம்.

வியாழக்கிழமை காலை அவள் இருபத்திரண்டாம் கம்பியைச் சின்ன ஸ்பீக்கரோடு இணைத்தாள். செல் துடிக்கும்போதெல்லாம் அது சடசடக்கும். குரலைக் கேட்க இடைஞ்சல் என்று வழக்கமாக அணைத்தே வைத்திருப்பாள். பிறகு இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்துக்கொண்டாள்.

பதினேழு வந்து உட்கார்ந்தது. கண்ணாடியைப் பார்த்தது. கூப்பிட்டது.

ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு, ஐந்து. ஸ்பீக்கரில் ஒன்றுமில்லை.

மறுபடி கூப்பிட்டது. ஒன்றுமில்லை. ஏழாவது கூப்பிடலுக்குப் பிறகு அது கூண்டின் இந்தப் பக்கத்துக்கு வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டது. பன்னிரண்டாவது இன்னும் நீளம். இருபதில் குரல் கரகரத்தது. அவளுக்கு உதடு தானாகக் குவிந்தது, பல்லைக் கடித்துக்கொண்டாள். முப்பதில் ஒருமுறை ஸ்பீக்கர் லேசாகச் சடசடத்து அடங்கியது. அது அறையின் மின்விசிறிக் கோளாறு, செல் இல்லை, அந்தச் சத்தத்தின் வித்தியாசம் அவள் காதுக்குத் தெரியும். தெரியாமல் இருந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். நாற்பத்தொன்றுவரை எண்ணினாள். எழுந்து, பதிவை ஓடவிட்டபடியே, சின்ன டாக்டரின் அறைக்குப் போனாள்.

அவர் வெள்ளிக்கிழமைக்கான படங்களுக்கு நிறம் மாற்றிக்கொண்டிருந்தார். "அக்கா, நீலம் நல்லா இருக்கா, பச்சையா?"

"மௌன நாள்ல மௌனம் இல்ல தம்பி."

"என்ன?"

"நான் பதில் சொன்னேன். மைக்ல. விசிலடிச்சேன்."

அவர் சிரித்தார். "காலங்காத்தாலயே மாமாகூடச் சேந்துட்டீங்களா?"

"கீழ்ச் சத்தத்த வெட்டாம ஓடவிட்டுப் பாருங்க."

அவர் திரையில் எதையோ இரண்டு முறை தட்டினார். கறுப்பாக இருந்த அடிப்பகுதி மெல்ல வெளுத்தது. விசிறியின் மங்கலான பட்டைக்கு மேலே, குரங்கின் ஒவ்வொரு கோட்டுக்கும் ஐந்து நொடி தள்ளி, தடித்த வெள்ளைக் கோடு ஒன்று படுத்திருந்தது. அவர் வேறொரு நாளைத் திறந்தார். அங்கும் இருந்தது. இன்னொன்று. அங்கும்.

"எத்தனை நாள்?"

"மூணாவது நாள்லேர்ந்து. இன்னிக்கு மட்டும் அடிக்கல. இன்னிக்கு அந்தச் செல்லு துடிக்கவே இல்ல. நான் கேட்டேன்."

"கேட்டீங்க." மடிக்கணினியை மூடினார். "எதுக்குக்கா? எதுக்குன்னு மட்டும் சொல்லுங்க."

பதினொரு வருஷத்தில் அந்தக் கட்டடத்தில் யாரும் அவளிடம் "எதுக்கு" என்று கேட்டதில்லை. சொல்ல வாயெடுத்தாள். திங்கட்கிழமையின் தொண்டை வந்து அடைத்தது. "அது கூப்பிட்டுச்சு" என்றாள்.

"அது கூப்பிடத்தான் கூண்டுல வச்சிருக்கோம்! யாரும் பதில் சொல்லாம இருக்கத்தான் அந்த ரூமையே கட்டியிருக்கோம்! மூணு வருஷம்க்கா. பாப்பாவுக்கு நேத்துதான் சீருடை வாங்கினோம்." குரல் உயரும் முன்பே உடைந்தது. அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். "போங்க. இப்ப போங்க."

பெரிய டாக்டர் வெள்ளிக்கிழமை இருவரையும் உட்காரவைத்துப் பேசினார். சத்தம் போடவில்லை. அவர் கோபப்பட்டால் குரல் இன்னும் தணியும். மௌன நாட்கள் மொத்தமும் செல்லாது. வேறு இரண்டு குரங்குகளை வைத்து முதலிலிருந்து நடத்த வேண்டும். சின்ன டாக்டருக்கு ஆறு மாசம் நீட்டிக்கக் கேட்டுப் பார்க்கலாம், உறுதி இல்லை. காதக்கா இனிச் சோதனை அறைப் பக்கம் போகக்கூடாது. வேலையை விட்டு எடுக்காததற்குக் காரணம், அவள் குறித்ததையெல்லாம் வேறு யாராலும் சரிபார்க்க முடியாது என்பதுதான். "அந்த விசில் ஒவ்வொண்ணையும் நீங்களே குறிச்சுக் குடுங்க. ஒண்ணு விடாம."

"பதினேழு?" என்று கேட்டாள்.

"ஆள் விசிலுக்குப் பழகினத இனிச் சோதனைக்கு வச்சுக்க முடியாது. கம்பிய எடுத்துட்டுக் குடும்பக் கூண்டுல விட்டுடுவோம்."

நடைக்கூடத்தில் மாமா காத்திருந்தார். "தலைக்கு வந்தது தலைப்பாகையோட போச்சுக்கா. விடுங்க." பிறகு அவருக்கே தாங்கவில்லை. "ஆனா ஒரு வார்த்த என்கிட்ட சொல்லியிருக்கலாம். நான் அதவிட நல்லா விசிலடிப்பேன்."

முப்பத்துமூன்று நாட்களின் முப்பத்துமூன்று மணி நேரத்தை அவள் மறுபடி கேட்க ஆரம்பித்தாள். முதல் விசிலிலேயே சிக்கல் வந்தது. கூப்பிட்டது யார் என்ற கட்டத்தை நிரப்பாமல் கணினி அடுத்த வரிக்கு விடாது. எழுத்து ஏற்காது, எண்தான் வேண்டும். செத்துப்போன ஒன்பதையும் சேர்த்து முப்பத்துமூன்றுவரை எல்லா எண்களும் ஏற்கெனவே குரங்குகளுக்குப் போயிருந்தன. அவள் முப்பத்துநான்கு என்று அடித்தாள். கணினி ஒரு கேள்வியும் கேட்காமல் வாங்கிக்கொண்டது.

தன் குரலை இப்படி நொடி நொடியாக அவள் கேட்டதில்லை. முதல் சில நாட்கள் அவமானமாக இருந்தது. முப்பத்துநான்காம் எண் ஒரு அவசரக்குடுக்கை. பதினேழு பாதி கூப்பிட்டுக்கொண்டிருக்கும்போதே குறுக்கே விழுந்தது. பதினேழு நிறுத்தும். வெகுநேரம் சும்மா இருக்கும். மறுபடி கூப்பிடும், மறுபடி இது குறுக்கே விழும், மறுபடி அது நிறுத்தும். பேசத் தெரியாத குட்டிகளைத் தாய்க் குரங்கு இப்படித்தான் வழிக்குக் கொண்டுவரும் என்று மாமா சொல்லியிருக்கிறார். குறுக்கே பேசினால் பதில் கிடையாது. தனியாகிப்போன கிழட்டுக் குரங்குக்குத் தான் இரங்கியதாக அவள் நினைத்திருந்தாள். பதிவில் நடந்தது வேறாக இருந்தது. மட்டுமரியாதை தெரியாத ஒன்றை, பதினேழு பொறுமையாகப் பேசப் பழக்கிக்கொண்டிருந்தது.

இரண்டு வாரமாகச் சின்ன டாக்டர் அவளிடம் பேசவில்லை. எதிரே வந்தால் போனைப் பார்ப்பார். மூன்றாம் வாரம், அவள் அனுப்பிக்கொண்டிருந்த குறிப்புகளைத் தாளில் அச்சடித்து எடுத்துக்கொண்டு வந்து வாசலிலேயே நின்றார்.

"பன்னெண்டாவது மௌன நாள்ல என்ன நடந்துச்சு?"

"ஏன்?"

"அதுக்கு முன்னாடி நீங்க விசிலடிச்சும் செல்லு துடிக்கல. அன்னிக்குத்தான் மொதல் தடவ துடிக்குது. அப்புறம் ஒரு நாளும் தப்பல."

அவளுக்குத் தேட வேண்டியிருக்கவில்லை. அந்த நாளை முந்தின தினம்தான் கேட்டு முடித்திருந்தாள். "அன்னிக்கு எனக்கு நெசமாவே இருமல். அது கூப்பிட்டப்ப மைக்க அணைச்சுட்டு இருமிட்டு, அப்புறம் அழுத்தி அடிச்சேன். அதனால நேரமாயிடுச்சு. அஞ்சு நொடி."

"மொதல் தடவையா காத்திருந்தீங்க."

"இருமினேன்."

அவர் தாளில் அந்த வரியை விரலால் தட்டினார். "சத்தத்துக்குத் துடிக்கல அது. ஒலிபெருக்கி அஞ்சு நொடி கழிச்சுப் பேசினாலும் துடிக்கல. தன் முறைக்குக் காத்திருந்து பேசுற உசுருள்ள ஆளுக்குத் துடிக்குது. கிணறு வெட்டப் போயி பூதம் கெளம்பின கதைன்னு நெனச்சேன். பூதம் நல்ல பூதமாத்தான் இருக்கு. ஆனா எழுத முடியாதுக்கா. ஒரு குரங்கு, ஒரு ஆளு, அதுவும் திருட்டுத்தனமா. யாரும் நம்ப மாட்டாங்க." தாளை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். "புதுக் குரங்குகள வச்சு ஒழுங்கா செஞ்சு பாக்கணும். ஆறு மாசம் குடுத்தா."

"குடுப்பாங்களா?"

"தெரியல. பாப்பாவச் சேத்தாச்சு." வாசலைவிட்டு நகர்ந்தவர் திரும்பி, "மிச்சத்த முடிச்சுடுங்க" என்று மட்டும் சொன்னார். கோபம் போய்விட்டதா என்று அவளால் அந்தக் குரலை வைத்துச் சொல்ல முடியவில்லை. குரங்குகளில் என்றால் சொல்லியிருப்பாள்.

பதினேழின் சேதி மாமா மூலம் வந்தது. முதல் நாள் மூலையில் முகத்தைத் திருப்பிக்கொண்டு உட்கார்ந்திருந்ததாம். இரண்டாம் நாள் ஒரு குட்டி அதன் வாலைப் பிடித்து இழுத்திருக்கிறது. "இப்ப ரெண்டு குட்டிங்க முதுகுலயே சவாரி. காது கேக்காத மாதிரி இருக்கும், விழப்போனா கப்புன்னு பிடிச்சுக்கும். கூப்பிட நேரமே இல்லக்கா அதுக்கு."

"கூப்பிடறதே இல்லையா?"

"யாரக் கூப்பிடணும்? எல்லாரும் பக்கத்துலதான இருக்காங்க."

அவள் சந்தோஷம் என்றாள். அது பொய்யில்லை.

கடைசியாக மிஞ்சியது அந்த வியாழக்கிழமையின் பதிவு. அதில் விசில் எதுவும் இல்லை, எனவே அவசியம் கேட்க வேண்டியதும் இல்லை. ஆனால் ஒன்று விடாமல் என்று பெரிய டாக்டர் சொல்லியிருந்தார். மதிய வெயில் மேசையில் விழுந்துகொண்டிருந்தபோது ஹெட்போனை மாட்டிக்கொண்டாள். ஒன்று. கூப்பிட்டது பதினேழு, பதில் இல்லை. இரண்டு, பதில் இல்லை. வேகமாகவே குறித்தாள். இருபதில் குரல் கரகரத்தபோது கொஞ்சம் நிறுத்தி, தண்ணீர் குடித்து, தொடர்ந்தாள். நாற்பத்தொன்று. இந்த இடத்தில்தான் எழுந்து போனாள். கோப்பை மூட அம்புக்குறியைக் கொண்டுபோனாள். பதிவு இன்னும் பத்து நிமிஷம் மிச்சம் காட்டியது.

ஓடவிட்டாள்.

நாற்பத்திரண்டு வந்தது. அன்றைக்கு வந்த எல்லாவற்றையும்விட நீளமான கூப்பிடல். அதற்குப் பிறகு பதினேழு எவ்வளவு நேரம் காத்தது என்பதை அவள் நொடியில் எழுதினாள்: இருநூற்றுப் பத்து. பிறகு நாற்பத்துமூன்று. இது சின்னது, பாதியில் விட்டது, கணினியே தவறவிட்டிருந்தது. அவள் ஆரம்பத்தையும் முடிவையும் கையால் குறித்தாள். கூப்பிட்டது பதினேழு. பதில் இல்லை.

நாற்பத்துநான்காவது இருக்கிறதா என்று கடைசிவரை கேட்டாள். விசிறி ஓடிக்கொண்டிருந்தது. பஞ்சுக் கதவு திறக்கும் சத்தம் வந்தது. "என்னடி கண்ணு, தனியா விட்டுட்டுப் போயிட்டாளா? வா, வா" என்று மாமா கொஞ்சினார். கூண்டுத் தாழ்ப்பாள் விலகியது. பழத்துக்குக் குரங்குகள் செய்யும் பொடிப்பொடியான கீச்சொலியோடு பதிவு முடிந்தது. அதை வேறு கட்டத்தில் குறிக்க வேண்டும். குறித்தாள்.